இணையத்தில் பனி பெய்த காலம்

நான் முதன்முதலில் பனி பெய்து பார்த்தது கம்ப்யூட்டர் திரையில்தான். மணாலியெல்லாம் எல்.எஃப்.சி. புண்ணியத்தில் ரொம்பப் பின்னால் வந்தது. 1999 டிசம்பர், பாளையங்கோட்டை, பி.காம். முதல் வருடம். பிரவுசிங் சென்டரில் மணிக்கு 40 ரூபாய். முகம் தெரியாத ஏதோ ஓர் அமெரிக்கப் பாட்டி, பேரப்பிள்ளைகள் படத்தோடு போட்டு வைத்திருந்த பக்கம். எழுத்துகளுக்கு மேலே பொலபொலவென்று பனி விழுகிறது. உச்சியில் சிவப்பும் பச்சையுமாக விளக்குச் சரம் மின்னுகிறது. ஸ்பீக்கரில் கீச்சுக்குரலில் ஜிங்கிள் பெல்ஸ். வெளியே நல்ல ஐப்பசி கார்த்திகை மழையின் மிச்சம், சேறு.

இப்போது லக்னோவில் வேலை. அந்த வலைப்பக்க அலங்காரமெல்லாம் எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்று ஒரு கணக்கு எடுத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. தொடக்க இருப்பும் இறுதி இருப்பும் பார்க்காவிட்டால் வங்கிக்காரனுக்குத் தூக்கம் வராது :-)

விளக்குச் சரத்தில் இருந்து ஆரம்பிப்போம். அது ஜிஃப் படம். 1987-ல் கம்ப்யுசர்வ் நிறுவனத்தில் ஸ்டீவ் வில்ஹைட்டின் குழு உருவாக்கிய வடிவம். 1989-ல் வந்த திருத்தப் பதிப்பில் இரண்டு வசதிகள் சேர்ந்தன. ஒரே கோப்புக்குள் உள்ள பல படங்களை இடைவெளி விட்டு ஒவ்வொன்றாகக் காட்டலாம். பின்னணியைக் கண்ணாடி போல விட்டுவிடலாம். 1996-ல் வெளிவந்த நெட்ஸ்கேப் 2.0 அதை நிற்காமல் திரும்பத் திரும்ப ஓட விட்டது. அவ்வளவுதான் சமாச்சாரம். ஒரு படத்தில் சிவப்பு பல்பு எரியும், அடுத்ததில் பச்சை. அந்தத் துண்டையே பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினால் திரை அகலத்துக்குத் தோரணம். அன்றைய 28.8 மோடத்தில் நொடிக்கு மூன்று மூன்றரை கிலோபைட் வந்தாலே பெரிய விஷயம். இந்தச் சரமோ சில கிலோபைட்தான். பாட்டியின் பேரப்பிள்ளைகள் வருவதற்கு முன்பே விளக்கு எரிய ஆரம்பித்துவிடும்.

இதற்குள்ளும் ஒரு பணத் தகராறு உண்டு. ஜிஃப்புக்குள் இருக்கும் சுருக்கும் முறைக்கு யுனிசிஸ் நிறுவனம் காப்புரிமை வைத்திருந்தது. 1994 டிசம்பரில், அதுவும் கிறிஸ்துமஸ் வாரத்தில், மென்பொருள் எழுதுகிறவர்கள் உரிமத் தொகை கட்ட வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. 1999-ல் வலைத்தளக்காரர்கள் சிலரும் 5,000 டாலர் கட்டவேண்டும் என்றார்கள். கோபப்பட்டவர்கள் அந்த ஆண்டு நவம்பர் 5-ஐ ஜிஃப் படங்களை எல்லாம் எரிக்கும் நாளாக அறிவித்தார்கள். பாட்டி எதையும் எரித்ததாகத் தெரியவில்லை. 2003 ஜூனில் அமெரிக்கக் காப்புரிமை காலாவதியானது.

பாட்டி வீடு கட்டியிருந்த ஊர் ஜியோசிட்டீஸ். ஊர் என்று சும்மா சொல்லவில்லை. 1994-ல் தொடங்கிய அந்த இலவசத் தளம் தன்னைப் பேட்டை பேட்டையாகப் பிரித்து வைத்திருந்தது. குடும்பக் கதை எழுதுகிறவர்களுக்கு ஹார்ட்லேண்ட், சினிமாப் பைத்தியங்களுக்கு ஹாலிவுட், கணினிக்காரர்களுக்கு சிலிக்கான்வேலி. ஒவ்வொரு பக்கத்துக்கும் நான்கு இலக்கக் கதவு எண். குடியிருப்பவர்களுக்குப் பெயரே 'குடியேறியவர்கள்'தான். தெருவும் கதவு எண்ணும் இருந்தால் மனிதன் என்ன செய்வான்? வாசலை அலங்கரிப்பான். பக்கத்து வீட்டில் விளக்கு எரிந்தால் நம் வீட்டில் இரண்டு சரம் கூடத் தொங்கும்.

1999 ஜனவரியில் யாகூ இந்த ஊரை ஏறக்குறைய 3.57 பில்லியன் டாலர் மதிப்புக்குப் பங்குகள் கொடுத்து வாங்கியது. (அந்த விலையை எந்தக் கிளையில் எந்த மேலாளர் கடன் மனுவில் பார்த்திருந்தாலும் பேனாவைக் கீழே வைத்திருப்பார்.) ஜூன் கடைசியில் புது விதிமுறை வந்தது. குடியேறியவர்கள் எழுதியதையும் வரைந்ததையும் யாகூ எப்படி வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்பது போன்ற வாசகம். குடியிருந்தவர்கள் செய்த எதிர்ப்புதான் எனக்கு இந்த வரலாற்றிலேயே பிடித்த இடம். அலங்காரத்தைக் கழற்றினார்கள்! நிறத்தையும் படத்தையும் எடுத்துவிட்டுப் பக்கத்தைச் சாம்பல் நிறத்தில் ஆளில்லாத வீடு மாதிரி விட்டார்கள். பேய் குடிகொண்ட ஊர் என்று அந்தப் போராட்டத்துக்குப் பெயர். துக்க வீட்டு வாசலில் கோலம் போடமாட்டோம் இல்லையா, அது போல. சில நாட்களில் யாகூ இறங்கிவந்து வாசகத்தை மாற்றியது. ஆனால் அதே கோடையில் பேட்டைகளும் கதவு எண்களும் போயின. பயனர் பெயரே முகவரி ஆனது.

பனிக்கு வருவோம். அது ஜாவாஸ்கிரிப்ட் வேலை. டைனமிக் டிரைவ் என்ற தளம் இலவசமாகக் கொடுத்த நிரலைத்தான் பாதி உலகம் ஒட்டிக்கொண்டது. எழுதியது குரோஷியாவின் அல்டான் என்ற நிறுவனம். ஒரே பனித்துளிப் படத்தைப் பத்துப் பிரதி எடுத்து, ஒவ்வொன்றையும் வேறு வேறு வேகத்தில் கீழே இறக்கி, சைன் கணக்கு வைத்து இடமும் வலமுமாக ஆட்டிவிடும். அடியைத் தொட்டதும் அதே துளி மறுபடி உச்சிக்குப் போகும். நெட்ஸ்கேப்புக்கும் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கும் ஒத்துவராது என்பதால் ஒரே பனிக்கு இரண்டு விதமாக எழுதவேண்டி இருந்தது. விலை? மேலே இருக்கும் பெயர்க் குறிப்பை நீக்காதே, அவ்வளவுதான். 'வியூ சோர்ஸ்' அழுத்தி எடுத்துக்கொள்வதுதான் எங்கள் பாடத்திட்டம். என் விடுதி நண்பன் ஒருவன் தீபாவளிக்குப் பனித்துளிப் படத்தை எடுத்துவிட்டு அகல்விளக்குப் படத்தை வைத்தான். வானத்தில் இருந்து விளக்காகக் கொட்டியது. பார்க்கக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது :-)

தமிழ்ப் பக்கங்களுக்கு இந்த அலங்காரம் வேறொரு காரியமும் செய்தது. யூனிகோட் பரவுவதற்கு முன் ஒவ்வொரு தளத்துக்கும் ஓர் எழுத்துரு. டிஸ்கி, டாப், பாமினி என்று இறக்கி நிறுவாவிட்டால் பக்கம் முழுக்கப் பூச்சி பூச்சியாகத் தெரியும். ஆனால் பொங்கல் வாழ்த்தைப் படமாக வரைந்து வைத்தால்? எந்தக் கம்ப்யூட்டரிலும் தெரியும். பிரவுசிங் சென்டர்க்காரர் எழுத்துரு போட அனுமதிக்காத மெஷினில் எனக்குத் தெரிந்த ஒரே தமிழ், அந்தப் பானைக்கும் கரும்புக்கும் நடுவில் இருந்த தமிழ்தான்.

பிறகு மெல்ல மெல்ல வாசல் கைமாறியது. கூகிள் 1998-லேயே தன் பெயர்ப்பலகையை விசேஷ நாட்களில் மாற்றத் தொடங்கியிருந்தது. அழகான படங்கள், மறுக்கவில்லை. ஆனால் அலங்கரிப்பது கடைக்காரர், நாம் வேடிக்கை பார்ப்பவர்கள். வேர்ட்பிரஸ்.காம் டிசம்பரில் பனி பெய்ய ஒரு பொத்தான் கொடுத்தது. டிக் அடித்தால் சென்னைப் பதிவர் பக்கத்திலும் பனி, ஜனவரி 4 ஆனால் தானாக நின்றுவிடும். கழற்றும் வேலைகூட நமக்கு இல்லை. எங்கள் குடியிருப்பிலும் இதே கதைதான். தீபாவளி ஜாலர் விளக்குகளைச் சங்கமே ஒப்பந்தக்காரரை வைத்து எல்லா பால்கனிக்கும் ஒரே மாதிரி கட்டிவிடுகிறது. பார்க்க லட்சணமாகத்தான் இருக்கிறது. எது நம் வீடு என்று மட்டும் கீழே நின்று எண்ணிப் பார்க்கவேண்டும்.

2004-ல் வந்த ஆர்குட்டில் சொந்த வாசல் இல்லாததால், ஜனங்கள் அடுத்தவர் ஸ்கிராப்புக்கில் போய் மினுமினுக்கும் தீபாவளி விளக்கைத் தொங்கவிட்டார்கள். 2014 செப்டம்பர் 30-ல் அதையும் மூடினார்கள். ஃபேஸ்புக்கில் ஆணி அடிக்கவே சுவர் கிடையாது. மிச்சம் இருந்ததெல்லாம் வாட்ஸ்அப்புக்குக் குடிபெயர்ந்து காலை வணக்கப் படங்களாக நிறைந்தது. இந்தியர்களின் போன்கள் அதனால் நிரம்பி வழிவதைப் பார்த்து, கூகிள் தன் ஃபைல்ஸ் கோ செயலியில் அவற்றைக் கூட்டித் தள்ள விளக்குமாறு கொடுத்த செய்தி 2018-ல் வந்தது.

ஜியோசிட்டீஸை யாகூ 2009 அக்டோபர் 26 அன்று மூடியது. பல வருடமாக யாரும் திறந்து பார்க்காத பக்கங்களில்கூட, போட்டவர் கழற்ற மறந்த கிறிஸ்துமஸ் விளக்குகள் அன்றுவரை எரிந்துகொண்டிருந்தன. எக்ஸ்கேசிடி சித்திரத் தளம் அன்று ஒரு நாள் மட்டும் ஜியோசிட்டீஸ் கோலத்தில் அஞ்சலி செலுத்தியது. ஜேசன் ஸ்காட்டின் ஆர்க்கைவ் டீம் என்ற தன்னார்வலர் கூட்டம் மூடுவதற்குள் இராப்பகலாக நகலெடுத்து, 2010-ல் 600 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட மூட்டையாக வெளியிட்டது. இன்டர்நெட் ஆர்க்கைவும் தன் பங்குக்குச் சேமித்ததில் இருந்து 2016-ல் 'ஜிஃப்சிட்டீஸ்' தொடங்கியது. 45 லட்சம் ஜிஃப்கள். அவற்றில் ஒன்றுக்கொன்று வேறானவை 16 லட்சம். அதாவது ஒவ்வொரு படமும் சராசரியாக மூன்று வீட்டில் தொங்கியிருக்கிறது. ஒரு படத்தை அழுத்தினால் அது இருந்த பழைய பக்கத்துக்கே கொண்டுபோய் விடும்.

ஆனால் அங்கே முதலில் இருந்த தேடல் கோப்பின் பெயரை வைத்துத்தான். நம் ஆட்கள் பொங்கல் பானைப் படத்துக்கு 'படம்1' என்று பெயர் வைத்திருந்தால் எப்படிச் சிக்கும்? படத்துக்குள் இருக்கும் தமிழை அது படிக்கவும் படிக்காது. ஆகவே மக்களே, 1998 முதல் 2005 வரை சொந்தப் பக்கம் வைத்திருந்தவர்கள் பரணில் ஃப்ளாப்பியோ சிடியோ இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை இறக்கிப் பாருங்கள். ஃப்ளாப்பி ஓட்ட யூ.எஸ்.பி. டிரைவ் என்னிடம் ஒன்று இருக்கிறது. லக்னோ பக்கம் வந்தால் தருகிறேன்.