ஜப்பானிய மூளைக்காய்ச்சல் கண்காணிப்பு

கொசு வழியாக மனிதருக்குத் தொற்றும் விலங்குவழி வைரஸ் நோயான ஜப்பானிய மூளைக்காய்ச்சலை, இந்தியாவில் நோயாளிகளிடம் முதலில் அடையாளம் கண்டது 1955இல், வேலூரில். விருத்தாசலம் வட்டாரத்தில், மதுரை மருத்துவப் பூச்சியியல் ஆய்வு மையம் கள நிலையம் அமைத்து இந்நோயைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தது.

வைரஸின் இயற்கை வீடு கொக்கு, நாரை போன்ற நீர்ப்பறவைகள். பன்றியின் இரத்தத்தில் அது பெருகுகிறது. வளர்ந்த பன்றி நோயுற்றதாகத் தெரிவதே அரிது. நெல்வயலில் தேங்கிய நீரில் வளரும் கியூலெக்ஸ் கொசு அதைப் பரப்புகிறது. மாட்டைத்தான் இக்கொசு அதிகம் நாடும். ஆனால் மாட்டிலும் மனிதரிலும் வைரஸ் கொசுவுக்குத் தொற்றும் அளவுக்குப் பெருகுவதில்லை.

ஆகவே மருத்துவமனைப் பதிவேடு மட்டும் போதாது. காய்ச்சலும் வலிப்புமாக ஒரு குழந்தை வந்து சேரும்போது எச்சரிக்கைக்கான நேரம் கடந்திருக்கும். அந்தி சாய்ந்ததும் மாட்டுக்கொட்டகைகளில் கொசு பிடித்து, இனம் பிரித்து, தொகுதி தொகுதியாக வைரஸ் சோதனை செய்வதே முந்திய அறிகுறியைத் தரும். பன்றிகளின் இரத்தத்தில் எதிர்ப்பொருள் தோன்றுவதும் அவ்வாறே. கால்நடை மருத்துவர் காண்பது சுகாதார ஆய்வாளருக்கு அன்றே தெரிய வேண்டும். நோய் வந்தபின் வைரஸை அழிக்கும் மருந்து இல்லை, தடுப்பூசி உண்டு. 2006இல் இந்தியா, நோய் பரவும் மாவட்டங்களில் அதைக் குழந்தைகளுக்கு இயக்கமாகச் செலுத்தத் தொடங்கியது.