எழும்பூர்னா ஸ்டேஷன் மட்டும்தானா?

சேக்காட்டுல இருந்து எழும்பூருக்கு எதுக்குப் போவீங்க? பெட்டியைத் தூக்கிட்டு ஓடி, தென் மாவட்ட ரயிலைப் பிடிக்கத்தானே? அடுத்த தடவை கொஞ்சம் சீக்கிரமே கிளம்பி, பாந்தியன் சாலைப் பக்கம் நடந்து பாருங்க. மெட்ராஸின் பணக்கார ஏரியாக்களில் ஒன்றாக இருந்த இடம் அது.

கோட்டை நெரிசலை விட்டு வந்த கம்பெனி அதிகாரிகள், பெரிய தோட்டத்துக்கு நடுவே பங்களா கட்டி வாழ்ந்த பகுதி இது. 1778-ல் ஹால் பிளமர் என்ற அதிகாரிக்கு இங்கே கிடைத்த இடம் 43 ஏக்கர். (நம்ம அபார்ட்மென்ட் பார்க்கிங்கை நினைச்சுப் பெருமூச்சு விடாதீங்க!) 1793-ல் அது 24 பேர் கொண்ட கமிட்டியிடம் போனது. விருந்து, நடனம், நாடகம் எல்லாம் வெள்ளைக்காரர்களுக்கு. பிறகு மூரட் என்ற ஆர்மீனிய வியாபாரி வாங்க, அவரிடமிருந்து 1830-ல் அரசு வாங்கியது. 1854-ல் மியூசியம் இங்கே குடிவந்தது.

லண்டனிலும் இதே கதைதான். ப்ளூம்ஸ்பரி என்ற பணக்காரப் பேட்டையில், மான்டேகு ஹவுஸ் என்ற பிரபு மாளிகையில்தான் 1759-ல் பிரிட்டிஷ் மியூசியம் திறந்தது. அமராவதி சிற்பங்களில் ஒரு பங்கு அங்கே, ஒரு பங்கு நம்ம எழும்பூரில்!

மெட்ராஸ்வாசிகள் மியூசியத்துக்கு வெச்ச பேர் 'செத்த காலேஜ்'. மிருகக்காட்சிசாலை 'உயிர் காலேஜ்'. உள்ளே நீங்க அவசியம் பார்க்க வேண்டியது திருவாலங்காடு நடராஜர் வெண்கலம். உங்க அரக்கோணம் லைன் ஊர்க்காரர்தான் அவர்.

பக்கத்திலேயே 1896-ல் திறந்த கன்னிமாரா நூலகம். 1954-ம் வருஷச் சட்டப்படி, இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதி இங்கே வரணும். பழைய கட்டடத்தின் வண்ணக் கண்ணாடிகளைப் பார்த்தா போனை எடுக்கத் தோணும். அனுமதி கேட்டுட்டு எடுங்க.

தனியார் பங்களாக்களில் பெரும்பாலானவை போயாச்சு. ஹால்ஸ் ரோடு, மான்டியத் ரோடு, காசா மேஜர் ரோடுன்னு பேர் மட்டும் மிச்சம். அந்த இடங்களில் இப்போ ஓட்டல், ஆஸ்பத்திரி, அடுக்குமாடி. பொதுச்சொத்தா மாறின இந்த வளாகம்தான் தப்பிச்சது.

ஆவடியில் லோக்கல் ஏறி சென்ட்ரல், ரோட்டைக் கடந்தா பார்க் ஸ்டேஷன், தாம்பரம் வண்டியில் அடுத்த நிறுத்தமே எழும்பூர். வெள்ளிக்கிழமை மட்டும் வேணாம், மியூசியம் லீவு.