மடிச் செல்லும் அமினோ அமிலமும்: ஒரு கருத்து மாறிய வரலாறு

ஒரு லிட்டர் பால் சுரக்க ஏறத்தாழ 500 லிட்டர் இரத்தம் பசுவின் மடி வழியே ஓடியாக வேண்டும். பால் புரதத்தில் ஐந்தில் நான்கு பங்கு கேசின். இரத்தத்தில் இல்லாத இந்தக் கேசினை மடியின் சுரப்புச் செல்களே கட்டுகின்றன. எதைக்கொண்டு கட்டுகின்றன என்று அமெரிக்க ஆய்வாளர் சி. ஏ. கேரி 1920இல் ஆராய்ந்தார். மடியிலிருந்து திரும்பும் சிரை இரத்தத்தை உடலின் மற்ற இரத்தத்தோடு ஒப்பிட்டபோது, அதில் அமினோ அமிலம் குறைந்திருந்தது. குறைந்தது பாலுக்குப் போயிருக்கிறது என்று அவர் முடிவுசெய்தார்.

அதன்பின் நெடுங்காலம் அமினோ அமிலம் வெறும் செங்கல்லாகவே கருதப்பட்டது. எலிகளை வைத்து மிட்செலும் பிளாக்கும் 1946இல் முன்வைத்த கருத்து பசுவுக்கும் வந்துசேர்ந்தது: எந்த அமினோ அமிலம் மிகக் குறைவோ, அதுவே விளைச்சலின் எல்லை. மரப்பீப்பாயில் உயரம் குறைந்த பலகை வரைதானே தண்ணீர் நிற்கும்! 1982இல் மெஃபம் கணக்கை நுணுக்கமாக்கினார். மெத்தியோனின் போன்றவற்றை மடி எவ்வளவு எடுக்கிறதோ ஏறக்குறைய அவ்வளவே பாலில் வருகிறது. லியூசின் போன்றவற்றை மடி தேவைக்கு மேல் எடுத்து, ஒரு பகுதியை வேறு வேலைக்குச் செலவிடுகிறது. 2001இல் வெளிவந்த அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் குழுவின் கறவை மாட்டுத் தீவன நூல், உடலுக்குக் கிடைக்கும் புரதத்தில் லைசின் 7.2 சதவீதம், மெத்தியோனின் 2.4 சதவீதம் என்று இலக்கு வைத்தது.

பீப்பாய்க் கணக்கில் எனக்குப் பெரிய விரிசலாகப் படுவது, 2000இல் பெக்கெட் குழுவினர் வெள்ளாடுகளில் கண்டது. ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தைக் குறைத்ததும் மடி தனக்கு வரும் இரத்த ஓட்டத்தைக் கூட்டிக்கொண்டது. இரத்தத்திலிருந்து அதை உறிஞ்சும் திறனையும் பல மடங்கு உயர்த்திக்கொண்டது. மரப்பலகை இப்படித் தானாக வளர்வதில்லை.

மாற்று விளக்கத்துக்கான வித்து 1991இலேயே விழுந்திருந்தது. அந்த ஆண்டு கனடாவில் ஹுயின், ரோபிடாய், டர்னர் மூவரும் பசுவின் மடிச் செல்களிலிருந்து ‘மேக்-டி’ என்ற நிலையான செல் வரிசையை உருவாக்கினர். அதே ஆண்டு சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஹைட்மன், மோவா, ஹால் மூவரும் ராபமைசின் மருந்து தாக்கும் ‘டார்’ மரபணுக்களை ஈஸ்ட்டில் கண்டனர். பாலூட்டிகளில் இதன் இணை ‘எம்டார்’. செல்லுக்குள் அமினோ அமிலம் போதுமான அளவு இருந்தால் எம்டார் விழித்து, 4இ-பிபி1 என்ற தடைப் புரதத்தின்மேல் பாஸ்பேட்டை ஏற்றும். தடை விலகும், ரைபோசோம் தூது ஆர்.என்.ஏ.வைப் படிக்கத் தொடங்கும். லியூசினை உணர்ந்து எம்டாருக்குச் செய்தி போகக் காரணமான செஸ்ட்ரின்2 புரதத்தின் பங்கு 2016இல் தெளிவானது. ஆக, செங்கல்லே வேலையைத் தொடங்கச் சொல்லும் ஆணையும் ஆயிற்று.

2010இல் டோரியன், ட்ரவுட், கான்ட் ஆகியோர் உயிருள்ள பசுக்களிலும் இதைப் பார்த்தனர்: ஊட்டத்தால் பால் புரதம் கூடியபோது மடியிலுள்ள சமிக்ஞைப் புரதங்களும் மாறின. 2014இல் அரியோலா அபெலோவும் ஹானிகன் குழுவினரும், ஐசோலியூசின், லியூசின், மெத்தியோனின், திரியோனின் நான்கும் மடித் திசுவின் எம்டார் பாதையில் என்ன விளைவு தருகின்றன என்று ஆராய்ந்தனர்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். பிளாஸ்டிக் தட்டில் தட்டையாகப் படரும் மேக்-டி செல், மடிக்குள் இருக்கும் செல் அன்று. கொலாஜன் கூழில் மிதக்கவிட்டு புரோலாக்டின் ஹார்மோனும் கொடுத்தால்தான் கேசின் சுரக்கிறது. வழக்கமான டி.எம்.இ.எம். செல் வளர்ப்பு ஊடகத்தில் லியூசின் லிட்டருக்கு 105 மில்லிகிராம். பசுவின் இரத்தத்தில் இருப்பதைப்போலப் பல மடங்கு. பாஸ்பேட் ஏறியதை மட்டும் அளந்துவிட்டுப் பால் புரதம் கூடியதாக எழுதும் கட்டுரைகளை நாம் தயக்கத்தோடுதான் ஏற்க வேண்டும்.

முன்பு சொன்ன கறவை மாட்டுத் தீவன நூலின் 2021இல் வெளிவந்த எட்டாம் பதிப்பு, பால் புரதத்தைக் கணிக்க ஒற்றைப் பலகையை நம்பவில்லை. ஹிஸ்டிடின், ஐசோலியூசின், லியூசின், லைசின், மெத்தியோனின் ஐந்தின் பங்கையும் தனித்தனியே கூட்டி, அதோடு தீவன எரிசக்தியையும் சேர்க்கிறது. இந்தக் கணக்கின் தேவை இன்னும் தீரவில்லை: புரதத்தோடு பசு உண்ணும் நைட்ரஜனில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே இன்றும் பாலில் சேர்கிறது; மீதியில் பெரும்பகுதி சாணத்திலும் சிறுநீரிலும் போகிறது.