எண்ணிக்கையில் தொடங்கும் மறுப்பு

மூலக்கொத்தளம் இடுகாட்டைத் தெரியாதவர் வடசென்னையில் குறைவு. இந்தி எதிர்ப்புப் போரில் சிறை சென்று 1939இல் உயிரிழந்த நடராசனும் தாளமுத்துவும் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டார்கள். நடராசன் நம் சமூகத்துப் பிள்ளை. எழுபது ஆண்டு கழித்து, 2009 ஜனவரி 31 அன்று, ஈழப்போரை நிறுத்தச் சொல்லித் தீக்குளித்த முத்துக்குமாரின் இறுதி ஊர்வலமும் கொளத்தூரிலிருந்து அங்கேதான் வந்து சேர்ந்தது. தீக்குளிப்பைப் போராட்ட வடிவமாக நான் ஏற்பதில்லை. ஆனால் அந்தக் கோரிக்கைக்கு நம் அரசியல் என்ன பதில் சொன்னது என்பதை இன்றைய மாணவர்கள் அறிய வேண்டும்.

போர் என்றால் அப்பாவிகளும் சாகத்தான் செய்வார்கள் என்ற பொருளில் அந்த மாதம்தான் ஜெயலலிதா பேசியிருந்தார். தேர்தல் நெருங்கியதும் தனி ஈழம் அமைப்பேன் என்றார். கருணாநிதி ஏப்ரல் 27 அன்று அண்ணா நினைவிடத்தில் உண்ணாவிரதம் உட்கார்ந்து, கனரக ஆயுதங்களைப் பயன்படுத்த மாட்டோம் என்று கொழும்பு அறிவித்ததும் சில மணி நேரத்தில் எழுந்தார். அதற்குப் பிறகும் குண்டு விழுகிறதே என்று கேட்டவர்களிடம், மழை விட்டும் தூவானம் விடவில்லை என்றார். பதுங்குகுழியில் கிடந்தவர்களுக்குத்தான் தெரியும், எது தூவானமென்று.

இதெல்லாம் பலமுறை பேசியாகிவிட்டது. குறைவாகப் பேசப்படுவது கணக்கு. 2009 பிப்ரவரியில் வன்னியில் சிக்கியிருப்பவர்கள் சுமார் 70,000 பேர் என்று பிரணாப் முகர்ஜி நாடாளுமன்றத்தில் சொன்னார். கொழும்பு சொன்ன கணக்கும் அதை ஒட்டியதே. போர் முடிந்தபோது முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்கள் மட்டும் இரண்டே முக்கால் லட்சத்துக்கு மேல். எழுபதாயிரம் பேர் என்று எழுதிவிட்டால் அரிசியும் மருந்தும் அந்த அளவுக்கு அனுப்பினால் போதும். மற்றவர்கள் காகிதத்தில் இல்லை. ஆகவே சாகவும் இல்லை. ஒரு குழுவை அழிக்கும் நோக்கத்தோடு, அது வாழ முடியாத நிலைமைகளைத் திட்டமிட்டு உருவாக்குவதையும் 1948ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கை இனப்படுகொலை என்றே வரையறுக்கிறது. நோக்கத்தை நிரூபிப்பதுதான் வழக்கின் கடினம். 2011இல் ஐ.நா. நிபுணர் குழு, கொல்லப்பட்டவர்கள் 40,000 பேர் வரை இருக்கலாம் என்றது. போர்க்குற்றம், மானுடத்துக்கு எதிரான குற்றம் என்பதோடு நின்றுகொண்டது. அரசு வேண்டுமென்றே எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டியது என்பதையும் அதே அறிக்கை பதிவு செய்தது. கணக்கில் வராத 1,46,679 பேர் எங்கே என்று மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் கேட்டார், பதில் வரவில்லை.

நமக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் எரிக்கப்பட்டவர்கள் 44 பேர் என்கிறது நினைவிடம். அரசுத் தரப்புக் கணக்கோ 42. கார் வைத்திருக்கும் பெரிய மிராசுதார்கள் நேரில் வந்து தீ வைத்திருப்பார்களா என்று ஐயப்பட்டு 1973இல் உயர்நீதிமன்றம் விடுவித்தது. அறம் பேசுகிறவர்கள் முதலில் யாருடைய சொல்லை நம்புகிறார்கள் என்று பாருங்கள்.

வன்னியில் செத்தவர்களில் மலையகத்துக் கூலிகளின் வழிவந்தவர்களும் இருந்தார்கள். 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டு, 1977 கலவரத்தில் தோட்டங்களிலிருந்து விரட்டப்பட்டு, அங்கே குடிசை போட்டவர்கள். அவர்களில் பெரும்பகுதி தலித்துகள். ஈழ மேடைகளில் இந்தப் பேச்சு வருவதே இல்லை. 1990இல் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களைப் புலிகள் ஒரே நாளில் வெளியேற்றியதும், கடைசி மாதங்களில் பிள்ளைகளைப் பிடித்துப் போனதும் அங்கே வராது. அவற்றைச் சொன்னால் இனப்படுகொலையை மறுத்ததாகாது. அவற்றைக் காட்டி மறுப்பவர்களிடமும் ஏமாற வேண்டாம்: மருத்துவமனை மீது விழுந்த ஷெல்லுக்குப் புலிகளின் குற்றம் பதிலல்ல.

2009 மே 27 அன்று ஐ.நா. மனித உரிமை அவையில் கொழும்பைப் பாராட்டும் தீர்மானம் 29 வாக்குகளில் நிறைவேறியது. இந்தியா, சீனா, பாகிஸ்தான் எல்லாம் ஒரே பக்கம். நம் சுவர்களில் படம் வரையும் சே குவேராவின் கியூபாவும் அதே பக்கம்.

பொதுமக்கள் ஒருவர்கூடச் சாகாத மனிதாபிமான நடவடிக்கை என்றுதான் அந்தப் போரைக் கொழும்பு விற்றது. 2020 ஜனவரியில், காணாமல் போனவர்கள் உண்மையில் இறந்துவிட்டார்கள் என்று கோத்தபய ராஜபக்ச ஐ.நா. அதிகாரியிடம் சொன்னார். 2017 முதல் கிளிநொச்சி சாலையோரம் படங்களோடு உட்கார்ந்திருக்கும் தாய்மார்கள், எங்கள் கையால் ராணுவத்திடம் ஒப்படைத்த பிள்ளைகள் எப்படி இறந்தார்கள், பட்டியலைக் கொடுங்கள் என்று கேட்கிறார்கள்.