‘அவசரம்’ என்ற சொல்லும் ஆங்கிலத் தேர்வும்: சித்தூர், திருப்பதி மாணவரின் சொல்லறிவு குறித்து

சித்தூரிலோ திருப்பதியிலோ தமிழ் வீட்டில் வளரும் பிள்ளைக்கு ஒரு பாடம் பள்ளிக்கு முன்பே கிடைத்துவிடுகிறது. ‘அவசரமில்லை’ என்று பாட்டி சொன்னால் மெதுவாகச் செய் என்று பொருள். ‘அவசரம் லேது’ என்று கடைக்காரர் தெலுங்கில் சொன்னால் தேவையில்லை என்று பொருள். ‘அவகாசம்’ வீட்டில் கால இடைவெளி, கடைத்தெருவில் வாய்ப்பு. ஒரே வடமொழி மூலத்திலிருந்து வந்த சொல் இரு மொழிகளில் இரு வழி போயிருக்கிறது. ஆனாலும் பிள்ளை தடுமாறுவதில்லை. சொல்லைத் தனியே பிடித்துக்கொள்ளாமல், யார் பேசுகிறார், பின்னால் எந்த வினை வருகிறது என்பதோடு சேர்த்தே அது கேட்கிறது.

இந்தப் பழக்கம் இவ்வட்டாரத்தில் பழையது. தொல்காப்பியப் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்துக்கு வேங்கடத்தை வடவெல்லையாகச் சொல்கிறது. 1911இல் வட ஆர்க்காடு, கடப்பை மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு சித்தூர் மாவட்டம் அமைந்தது. 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. கோடுகள் இப்படி மாறிவந்தபோதும் இருமொழிப் புழக்கம் இங்கே நிற்கவில்லை. ஆங்கிலத் தகுதித் தேர்வுக்குச் சொல்வளம் சேர்க்கும் மாணவருக்கு இப்புழக்கமே முதல் மூலதனம் என்பதும், சொற்பட்டியல் மனப்பாடம் அதை வீணாக்குகிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

ஐஇஎல்டிஎஸ் தேர்வின் எழுத்துப் பகுதியிலும் பேச்சுப் பகுதியிலும் சொல்வளம் நான்கு அளவுகோல்களில் ஒன்று. மதிப்பெண்ணில் கால் பங்கு அதற்குரியது. எழுத்தில் 7ஆம் நிலை பெற, அவ்வளவாகப் புழங்காத சொற்களைக் கையாளத் தெரிய வேண்டும். கூடவே நடையையும், எந்தச் சொல் எதனோடு சேரும் என்பதையும் உணர்ந்திருக்க வேண்டும். பட்டியல் தயாரிப்போர் இந்த விதியின் முன்பாதியை மட்டுமே எடுத்துக்கொள்கின்றனர். ‘மிட்டிகேட்’ என்பதற்கு ‘தணித்தல்’ என்று பொருள் எழுதி உருப்போட வைக்கின்றனர். ரிஸ்க், டேமேஜ் போன்ற சொற்களோடு அது இயல்பாகச் சேரும். ‘டாக்டர் நோயாளியை மிட்டிகேட் செய்தார்’ என்று மாணவர் எழுதிவிட்டால், அந்த அரிய சொல்லே அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லும்.

இந்த மனப்பாட முறைக்கு ஒரு வரலாற்றுக் காரணமும் உண்டு. ஜிஆர்இ தேர்வில் எதிர்ச்சொல், ஒப்புமை வினாக்கள் இருந்த காலத்தில் தனிச்சொல் பட்டியலுக்கு நேரடிப் பயன் இருந்தது. 2011 ஆகஸ்டில் அவ்வினாக்கள் நீக்கப்பட்டன. வினா போன பிறகும் படிக்கும் முறை போகவில்லை.

பட்டியலே கூடாதா என்ற மறுப்பு எழலாம்; நியாயமான மறுப்பு. நம் மரபே நிகண்டை மனப்பாடம் செய்த மரபுதான். ஆனால் சூடாமணி நிகண்டைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அதன் பன்னிரண்டு தொகுதிகளில் முதற் பத்தும் தேவர், மக்கள், விலங்கு, மரம், இடம் என்று பொருள் உறவால் வகுக்கப்பட்டவை. பதினோராவது ஒரு சொல்லின் பல பொருள்களைக் கூட்டுகிறது. அகரவரிசையில் உதிர்த்துப் போட்ட சொற்குவியலுக்கும் இதற்கும் தூரம் அதிகம். யாப்பு நினைவைத் தாங்கியது. தொகுதி உறவைக் காட்டியது.

தொல்காப்பிய மரபியல் இன்னும் நெருங்கிய சான்று. இளமைப் பெயர்களாக ஒன்பதைச் சொல்லி, எந்த உயிருக்கு எது உரியது என்று அது வரையறுக்கிறது: யானைக்குக் கன்று, புலிக்குக் குருளை. மயில் அகவும், குயில் கூவும் என்று இன்றும் பள்ளியில் மரபுச்சொல் படிக்கிறோம். ஆங்கிலத் தேர்வாளர் சொற்சேர்க்கை என்று தேடுவது ஏறத்தாழ இதைத்தான். தமிழ் மாணவருக்கு இது புதுக் கருத்தென்று கற்பிப்பது எனக்கு வருத்தமளிக்கிறது.

எந்தச் சொற்களை முதலில் படிப்பது என்பதற்கும் நல்ல வழிகாட்டுதல் இருக்கிறது. 1920களில் டாக்காவில் ஆசிரியப் பயிற்சிப் பணியிலிருந்த மைக்கேல் வெஸ்ட், வங்க மாணவருக்கு வாசிப்பே முதல் தேவை என்று கண்டு, எளிய வாசகங்கள் வழியே சொற்களைப் படிப்படியாக அறிமுகம் செய்தார். ஏறத்தாழ 2,000 அடிப்படைச் சொற்கள் கொண்ட அவரது பட்டியல் 1953இல் வெளிவந்தது. அவற்றைத் தவிர்த்து, கல்விசார் எழுத்தில் அடிக்கடி வரும் 570 சொற்குடும்பங்களை 2000இல் ஏவரில் காக்ஸ்ஹெட் தொகுத்தார். அவர் ஆராய்ந்த 35 லட்சம் சொல் கொண்ட தொகுப்பில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இக்குடும்பங்களே. இரண்டு மாதமே கையில் இருப்பவர் இந்த 570ஐ அவற்றின் துணைச்சொற்களோடு படிப்பது, மூவாயிரம் அபூர்வச் சொற்களை உருப்போடுவதைவிட மேல்.

இங்கேதான் இருமொழி மாணவரின் பலம் வேலை செய்கிறது. தமிழில் ‘தப்பு செய்’, தெலுங்கில் ‘தப்பு சேயி’. இரண்டிலும் ஒரே வினை. ஆங்கிலத்திலோ ‘டூ’, ‘மேக்’ என இரண்டு. தப்புக்கு உரியது ‘மேக்’. ‘டூ மிஸ்டேக்’ என்ற பிழை கவனக்குறைவால் வருவதன்று. தாய்மொழியும் ஊர்மொழியும் சேர்ந்து ஒரே பக்கம் இழுப்பதால் வருவது. ‘பற்றி விவாதி’, ‘குரிஞ்சி சர்ச்சிஞ்சு’ என்ற இரண்டும் சேர்ந்துதான் ‘டிஸ்கஸ் அபௌட்’ என்று எழுத வைக்கின்றன. இரு மொழிகளும் ஒத்துப்போகும் இடத்திலேயே ஆங்கிலத்தில் அபாயம் அதிகம் என்பது என் கணிப்பு. இரண்டும் வேறுபடும் இடத்தில், ‘அவசரம்’ போல, மாணவர் ஏற்கெனவே விழிப்பாக இருக்கிறார்.

பேச்சில் ஊறிய ஆங்கிலச் சொற்களுக்கும் இதே சோதனை வேண்டும். ‘டவுட் கேட்பது’ நமக்கு வினா எழுப்புவது. ஆங்கிலத்தில் அச்சொல் ஐயுறவையும் நம்பாமையையும் குறிக்கும். ‘ஹோட்டல்’ நமக்குச் சாப்பாட்டுக்கடை. அங்கே தங்கும் விடுதி. தெரிந்த சொல் என்று தாண்டிப்போவதால் இவை பட்டியலில் ஏறுவதே இல்லை.

ஆகவே நான் பரிந்துரைப்பது மூன்று பத்தி போட்ட ஒரு நோட்டு: முதலில் ஆங்கிலத் தொடர், அடுத்துத் தமிழ், அடுத்துத் தெலுங்கு. தனிச்சொல்லுக்கு அதில் இடமில்லை. மூன்றிலும் வினை ஒத்திருந்தால் அப்படியே விடலாம். தமிழும் தெலுங்கும் ஒத்து ஆங்கிலம் மட்டும் விலகினால் அடிக்கோடு. முதல் வரியில் ‘மேக் எ மிஸ்டேக்’ என்று எழுதட்டும், அடிக்கோட்டோடு.