கடல் கடந்த பரீட்சைகளும் ஈழத்து மாணவரும்

ஈழநாட்டின் ஆங்கிலக் கல்வி வரலாற்றை எழுதப் புகுந்தோர் கல்லூரிகளின் தோற்றத்தையும் அதிபர்களின் அருந்தொண்டினையும் விரித்துரைப்பது வழக்கம். அக்கல்லூரிகளில் எது கற்பிக்கப்பட வேண்டும், எது கைவிடப்பட வேண்டும் என்று உண்மையில் தீர்ப்பளித்தவை பிறநாட்டுப் பரீட்சைகளே. அவை பற்றிய செய்தி ஓரிரு வரிகளில் அடங்கிவிடுவது பொருத்தமன்று. அப்பரீட்சைகளை எவரும் வாளேந்தி இந்நாட்டின்மீது திணிக்கவில்லை. பாடசாலைகளும் பெற்றோரும் அவற்றை விரும்பியே தெரிந்துகொண்டனர். அத்தெரிவின் காரணமும் பயனும் ஆராயத்தக்கன.

அயல்நாட்டுப் பரீட்சை யாழ்ப்பாணத்தார்க்குப் புதியதன்று. 1857ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகளாகிய சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் வட்டுக்கோட்டைச் செமினரியிற் பயின்றவர்களே. செமினரியோ 1855ஆம் ஆண்டு மூடப்பட்டுவிட்டது. அதன்பின், உயர்கல்வி வேண்டியோர் பாக்குநீரிணைக்கு அப்பால் நோக்கலாயினர். சென்னையோடு ஒரே ஆண்டிற் தோன்றிய கல்கத்தாச் சர்வகலாசாலையின் பிரவேசப் பரீட்சைக்கு இந்நாட்டுக் கல்லூரிகள் சில மாணவரை ஆயத்தஞ் செய்தன. யாழ்ப்பாணத்தில் இவ்வழக்கம் நெடுங்காலம் நிலைத்தது.

இதற்கிடையில் இங்கிலாந்தில் வேறொரு முயற்சி உருப்பெற்றது. நடுத்தர வகுப்பினர் தத்தம் ஊர்ப் பாடசாலைகளின் தரத்தை அறிய விரும்பினர். அதற்கு அளவுகோல் இல்லாதிருந்தது. அவர்களின் வேண்டுகோளை ஏற்ற கேம்பிறிட்ஜ் சர்வகலாசாலை, 1858ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் உள்ளூர்ப் பரீட்சையை முதன்முறையாக நடத்தியது. பரீட்சகர்கள் பட்டதாரி அங்கியோடு, பூட்டிய பெட்டிகளில் வினாத்தாள்களை எடுத்துக்கொண்டு புகைவண்டியேறிப் பல நகர்களுக்குஞ் சென்றனர். பதினாறு வயதுக்குட்பட்டோர்க்கு யூனியர் என்றும் பதினெட்டு வயதுக்குட்பட்டோர்க்குச் சீனியர் என்றும் இரு நிலைகள் வகுக்கப்பட்டன. சில ஆண்டுகளுள் அப்பெட்டிகள் கப்பலும் ஏறலாயின.

அதே 1858ஆம் ஆண்டில் இலண்டன் சர்வகலாசாலையும் புதிய பட்டயமொன்றைப் பெற்றது. இணைந்த கல்லூரியிற் பயிலாதவரும் அதன் பட்டங்களுக்குத் தோற்றலாம் என்ற வசதியை அப்பட்டயம் அளித்தது. எங்கே கற்றாய், யாரிடங் கற்றாய் என்று வினவாது, என்ன கற்றாய் என்று மாத்திரம் வினவும் சர்வகலாசாலை உலகுக்குப் புதுமையே. கடல் கடந்த முதல் இலண்டன் பரீட்சை 1865ஆம் ஆண்டு மொரீசியசுத் தீவில் நடைபெற்றது. இலங்கைக்கு அப்புதுமை வந்த வழியும் அத்தீவோடு தொடர்புடையது போலும். மொரீசியசு றோயல் கல்லூரியின் அதிபராக விளங்கிய சாள்ஸ் புறூஸ் என்பார் 1878ஆம் ஆண்டளவில் இலங்கையின் கல்விப் பணிப்பாளரானார். அவரது பதவிக்காலத்திலேயே 1880இற் கேம்பிறிட்ஜ் உள்ளூர்ப் பரீட்சைகளும் 1882இல் இலண்டன் பரீட்சைகளும் இங்கு நடைபெறத் தொடங்கின. அப்புறூஸ் முன்னர் இலண்டனில் வடமொழிப் பேராசிரியராக இருந்தவர். கீழைத்தேயக் கலைகளை நன்கறிந்த ஒருவரின் காலத்தில், அக்கலைகளைப் பொருட்படுத்தாத பரீட்சைகள் இந்நாட்டில் வேரூன்றியமை வியப்புக்குரியது.

எப்பரீட்சையைத் தெரிவது என்ற வினா அக்காலப் பெற்றோரை வருத்தியது. அரசாங்க சேவையில் இலிகிதர் பதவியை நாடியோர்க்குக் கேம்பிறிட்ஜ் யூனியரும் சீனியரும் போதிய சான்றுகளாயின. சட்டம், வைத்தியம் முதலிய தொழில்களையும் பட்டத்தையும் நாடியோர்க்கு இலண்டன் மற்றிக்குலேசனே வாயிலாக அமைந்தது. ஆங்கிலச் சர்வகலாசாலைப் புலமைப்பரிசிலொன்று 1870ஆம் ஆண்டு ஏற்படுத்தப்பட்டிருந்தது. அதனை முதன்முதல் வென்று கேம்பிறிட்ஜ் சென்றவர் பொன்னம்பலம் அருணாசலம் ஆவார். இப்பரிசிலும் பின்னர் அயல்நாட்டுப் பரீட்சைப் பெறுபேறுகளோடு பிணைக்கப்படவே, கல்லூரிகளின் கீர்த்தி பெறுபேற்றுப் பட்டியலால் அளக்கப்படலாயிற்று. கல்கத்தா வழி படிப்படியாக ஒடுங்கியது. அறிவின் ஏற்றத்தாழ்வு அதற்குக் காரணமன்று. பதவிச் சந்தையில் எந்நாணயம் செல்லும் என்பதே காரணமாயிற்று. தெரிந்துகொண்ட பெற்றோரைக் குறைகூறுதலும் தகாது. மகனுடைய ஊதியத்தை நம்பித் தோட்டக்காணியை ஈடுவைத்த தந்தைக்கு, பாடவிதானத்தின் தத்துவத்தை ஆராய ஓய்வேது?

ஆயினும் அத்தெரிவுக்கு ஒரு விலை இருந்தது. வினாத்தாளில் வாராதது வகுப்பறையிலும் வாராது என்பது எந்நாட்டிலும் காணும் உண்மை. ஆரம்பகால இலண்டன் மற்றிக்குலேசனில் இலத்தீன் கட்டாய பாடம். அதனால், பனந்தோப்பின் நடுவே வளர்ந்த சிறுவன் உரோமாபுரியின் போர்களை இலத்தீனிற் படித்தான். தன் பாட்டனார் பாராயணஞ் செய்த புராணத்தைப் பதம்பிரித்து வாசிக்க அறியாதிருந்தான். திண்ணைப் பள்ளியிலும் கோயில் மண்டபத்திலும் தமிழ் வாழ்ந்தது உண்மையே. ஆங்கிலக் கல்லூரியின் கால அட்டவணையிலோ அது ஒதுக்கிடம் பெற்றது. இக்குறையை உரத்துக் கூறியோருள் முன்னின்றவர், அம்முறையின் உச்சிப்பயனைத் துய்த்த அருணாசலமே. 1906ஆம் ஆண்டு தோன்றிய இலங்கைச் சர்வகலாசாலைச் சங்கத்தின் வாயிலாக அவர் இந்நாட்டுக்கெனத் தனிச் சர்வகலாசாலை வேண்டினார். பிறநாட்டுப் பரீட்சையை நோக்கிய கல்வியும் சுதேச மொழிகளின் புறக்கணிப்பும் ஒன்றோடொன்று இணைந்தவை என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

இனி, இப்பரீட்சைகளில் வெற்றி பெற்றோர் எவ்வாறு பெற்றனர் என்பதை நோக்குவோம். பெருநகர்க் கல்லூரி மாணவர்க்கு நல்லாசிரியரும் ஆய்வுகூடமும் இருந்தன. கல்லூரியை விட்டு உபாத்திமைத் தொழில் பூண்டோர்க்கோ தபாலே ஆசிரியராயிற்று. 1887ஆம் ஆண்டு வில்லியம் பிறிக்ஸ் என்பார் நிறுவிய சர்வகலாசாலைத் தபால்வழிக் கல்லூரி, இலண்டன் பரீட்சார்த்திகளுக்குப் பாடக்குறிப்புகளையும் மாதிரி வினாக்களையும் அனுப்பியது. அங்கே ஆசிரியராய்ப் பணியாற்றியவருள் பின்னாளிற் புகழ்பெற்ற நாவலாசிரியர் எச். ஜி. வெல்சும் ஒருவர். பகலிற் கற்பித்து இரவில் விளக்கொளியிற் கற்று இலண்டன் பட்டம் பெற்ற ஆசிரியர் தலைமுறையொன்று இவ்வாறு தோன்றிற்று. கல்லூரி வாசலை மிதியாமலே பட்டம் பெறலாம் என்ற இவ்வழி வறியோர்க்குப் பெருந்துணை புரிந்ததென்பதை மறுத்தல் இயலாது. அம்முறையைப் பழிப்போர் இதனை எளிதில் மறந்துவிடுகின்றனர்.

அத்தலைமுறையின் தலைமகன் காரைதீவில் 1892ஆம் ஆண்டு பிறந்த மயில்வாகனனார் எனலாம். மட்டக்களப்பிற் பயின்ற அவர் பதினாறாம் வயதிற் கேம்பிறிட்ஜ் சீனியர் பரீட்சையிற் சித்தியெய்தினார். கொழும்பில் ஆசிரியப் பயிற்சியும் பின்னர் விஞ்ஞானத்தில் டிப்ளோமாவும் பெற்றார். எவரும் இலண்டன் பட்டத்தையே அடுத்த படியாகக் கருதும் அவ்வேளையில், அவர் 1916ஆம் ஆண்டு மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சைக்குத் தோற்றிச் சித்தி பெற்றார். பதவி உயர்வுக்கு அப்பட்டம் உதவாதென்பதை அவர் அறியாதவரல்லர். யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்தபின், 1920ஆம் ஆண்டு இலண்டன் விஞ்ஞானப் பட்டத்தையும் பெற்று, மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபரானார். துறவு பூண்டு விபுலானந்த அடிகளாகிய அவர், 1947ஆம் ஆண்டு வெளியிட்ட யாழ் நூலில் பழந்தமிழிசையின் சுரநிலைகளைக் கணிதங்கொண்டு நிறுவுகிறார். இலண்டன் வினாத்தாளுக்காகக் கற்ற பௌதிகமும் மதுரைப் பரீட்சைக்காகக் கற்ற சிலப்பதிகாரமும் அந்நூலிற் சந்திக்கின்றன. பரீட்சகர் எவரும் அத்தகைய நூலை எதிர்பார்த்து வினா அமைத்திலர்.

அடிகளின் முயற்சி தனி வாழ்வோடு நின்றுவிடவில்லை. 1921ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்திற் தோன்றிய ஆரிய திராவிட பாஷாபிவிருத்திச் சங்கத்தின் தோற்றத்தில் அவருக்கும் பங்குண்டு. அச்சங்கம் தமிழுக்கும் வடமொழிக்கும் படிமுறையான பரீட்சைகளை வகுத்துப் பண்டிதர் பட்டம் வழங்கிற்று. பாடவிதானம், வினாத்தாள், புறப்பரீட்சகர், பெறுபேற்றுப் பட்டியல் என்னும் மேனாட்டு அமைப்பே தமிழ்க் கல்விக்குக் காவலாகப் பயன்படலாயிற்று.

அதே ஆண்டிற் கொழும்பில் சர்வகலாசாலைக் கல்லூரி திறக்கப்பட்டது. ஆயினும் அதன் மாணவரும் இலண்டன் பட்டங்களுக்கே தோற்றினர். 1942ஆம் ஆண்டு இலங்கைச் சர்வகலாசாலை தோன்றிய பின்னரே பட்டமளிக்கும் உரிமை இங்கு வந்தது. மறு ஆண்டு அதன் முதற் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தவர் விபுலானந்தரே. பாடசாலைப் பரீட்சையின் பெயரோ இன்றும் கடல் கடந்ததுதான். இங்கிலாந்தில் 1951ஆம் ஆண்டு வந்த கல்விப் பொதுத் தராதரப் பத்திரத்தை இலங்கையும் மேற்கொண்டது. எழுபதுகளிற் சிலகாலம் அது மாற்றப்பட்டு மீண்டும் வந்தது. இங்கிலாந்து அதன் சாதாரண தரத்தை 1988ஆம் ஆண்டு கைவிட்டது. இலங்கையிற் சாதாரண தரம் நிலைத்திருக்கின்றது.

1978ஆம் ஆண்டின் பின் பெருகிய சர்வதேசப் பாடசாலைகளோடு கேம்பிறிட்ஜும் இலண்டனும் மீண்டும் வந்துள்ளன. பழைய தெரிவு புதிய பெற்றோர் முன் நிற்கிறது. அரசாங்கப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் உள்நாட்டு உயர்தரப் பரீட்சைப் புள்ளிகளைக்கொண்டே மாணவரைச் சேர்ப்பதால், அயல்நாட்டுப் பரீட்சையைத் தெரிபவர் அயல்நாட்டுப் பல்கலைக்கழகத்தையோ தனியார் நிறுவனத்தையோ பதினாறு வயதிலேயே தெரிந்தவராகின்றார். 1968ஆம் ஆண்டு ஜெனீவாவில் நிறுவப்பெற்ற அமைப்பு நடத்தும் சர்வதேச பக்கலோரியா என்னும் பரீட்சையோ, தன் பாடசாலையிற் கற்பிக்கப்படாத தாய்மொழியின் இலக்கியத்தை மாணவன் தானே பயின்று தோற்றுவதற்கும் இடமளிக்கின்றது. 1882இல் இலத்தீன் இலக்கணத்தை மனனஞ் செய்த யாழ்ப்பாணச் சிறுவனுக்கு அவ்விடம் இருக்கவில்லை.