தூர் வாரின குளத்துல குருவிக்கு இடம் இருக்கா?

இன்னைக்கு நாம போகப்போறது புதுக்கோட்டை.

சித்தன்னவாசல் போனவங்க விதானத்தை அண்ணாந்து பார்த்திருப்பீங்க. ஒரு தாமரைக் குளம். மீன், யானை, எருமை, பூப்பறிக்கிற ஆட்கள், நடுவுல நீர்ப்பறவைகள். 9-ஆம் நூற்றாண்டுல மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இந்தக் கோயிலைப் புதுப்பிச்சதா கல்வெட்டு சொல்லுது. அன்னைக்கே குளம்னா தண்ணி மட்டும் இல்லை, அதுல வாழுற உயிர்களும் சேர்த்துத்தான்.

வருஷம் முழுக்க ஓடுற ஆறு இல்லாத ஊர் இது. அதனால கண்மாய்தான் உயிர். பழைய கண்மாய்கள்ல குமிழித்தூம்பு வச்சாங்க. மேல இருக்கிற நீரோடித் துளை தெளிஞ்ச தண்ணியை வயலுக்கு விடும். கீழ இருக்கிற சேறோடித் துளை வண்டலை இழுத்து வெளியே தள்ளும். எங்க பாஷைல சொன்னா, ஆட்டோ கிளீனப்! பராமரிப்பு நின்னதும் குளங்கள் மேடாச்சு.

2018 நவம்பர் 16, கஜா புயல். ஆலங்குடி, கீரமங்கலம் பக்கம் தென்னையும் பலாவும் வேரோட சாய்ஞ்சது. அதுக்கப்புறம் கொத்தமங்கலம் மாதிரி ஊர்கள்ல இளைஞர்களே காசு சேர்த்து குளங்களைத் தூர் வாரினாங்க. பெரிய விஷயம்.

இப்போ குருவிக்கு வருவோம். வடகிழக்குப் பருவமழையில கண்மாய் நிறையுற அதே சமயத்துல வலசைக் குருவிகளும் வந்து சேருது. தகைவிலான் தண்ணிக்கு மேல பறந்துகிட்டே பூச்சி பிடிக்கும். ராத்திரி நாணல்ல கூட்டமா அடையும். மஞ்சள் வாலாட்டி ஈரச் சேத்துல ஓடி ஓடிப் பொறுக்கும். பிளித் நாணல் கதிர்குருவி கரையோரப் புதருக்குள்ள ஒளிஞ்சு மேயும். எடை 10 கிராம் சொச்சம்தான், ஆனா கிழக்கு ஐரோப்பா, சைபீரியா பக்கத்துல இருந்து வருது! திரும்பிப் போறதுக்கான கொழுப்பை இங்க தின்னுதான் சேர்க்கணும்.

சிக்கல் இங்கதான். ஜேசிபி வச்சு நாலு பக்கமும் செங்குத்தா வெட்டி, நாணலை மொத்தமா வழிச்சு எடுத்தா, தண்ணி நிக்கும். ஆனா சேத்து விளிம்பு இருக்காது, வாலாட்டி நிக்க இடம் இருக்காது.

தீர்வு செலவு பிடிக்கிற விஷயம் இல்லை. ஒரு பக்கக் கரையைச் சரிவா விடுங்க. ஒரு மூலையில நாணலைத் தொடாதீங்க. தண்ணி வத்த வத்த சேறு வெளிப்படும், பூச்சி வரும், குருவியும் வரும்.

அடுத்த தடவை உங்க ஊர்ல குளம் வெட்டுறாங்கன்னா, ஆழம் எத்தனை அடின்னு மட்டும் கேக்காதீங்க. கரை எப்படி இருக்கப் போகுதுன்னும் கேளுங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்!